சுமக்கப்போகிறவளிடம் யார் கேட்பது? மதுரைக் கருத்தரிப்பு மையம் ஒன்றின் வாடகைத்தாய் சேவை பற்றி

மதுரையில் வைகையின் வடகரையில் இயங்கும் தனியார் கருத்தரிப்பு மையம் ஒன்றில் என் தங்கையின் குடும்பம் வாடகைத்தாய் முறைக்குப் பதிவு செய்து, மருத்துவப் பரிசோதனை, மனநல ஆலோசனை ஆகிய கட்டங்களைக் கடந்து, இப்போது ஆவணத் தயாரிப்பில் நிற்கிறது. காகித வேலைகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்ததால் ஏறக்குறைய எல்லாச் சந்திப்புகளிலும் உடனிருந்தேன். நான் சுட்டிய குறைகளைக் கேட்டுக்கொண்டு திருத்த முன்வந்தவர்கள் என்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. என் தங்கையும், சுமக்க முன்வந்திருக்கும் அவளுடைய ஓரகத்தியும் முழுவதும் படித்துச் சரி என்ற பிறகே இதை வெளியிடுகிறேன்.

கருத்தரிப்பு மையங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெற்றி விகிதம், செலவு, காத்திருக்கும் நேரம், மருத்துவரின் பேச்சு ஆகியவற்றையே பார்க்கிறார்கள். சாதாரணக் குழந்தைப்பேற்று சிகிச்சைக்கு அது போதும். ஏனென்றால் பணம் கட்டுகிறவரும் ஊசி போட்டுக்கொள்கிறவரும் ஒரே குடும்பத்தின் கணவன் மனைவி. வாடகைத்தாய் முறையில் அப்படியில்லை. நோய் எதுவும் இல்லாத ஒரு பெண், தனக்கென்று எந்த மருத்துவப் பயனும் இல்லாமல், இன்னொருவருக்காக ஹார்மோன் ஊசிகளையும் கர்ப்பத்தையும் பிரசவத்தையும் ஏற்கிறாள். அங்கே வாடிக்கையாளர் அவள் அல்லள். கட்டண ரசீதில் அவள் பெயர் இல்லை. ஆகவே இத்தகைய சேவையின் தரத்தை, பணம் கட்டுகிற தம்பதியை அந்த மையம் எப்படி நடத்துகிறது என்பதைவிட, பணம் கட்டாத அந்தப் பெண்ணை எப்படி நடத்துகிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த மதிப்புரையும் அந்த அளவுகோலிலேயே எழுதப்படுகிறது.

என் தங்கைக்கு முதல் பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காமல் போய், உயிரைக் காப்பாற்றக் கருப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. குழந்தையும் தங்கவில்லை. சினைப்பைகள் நலமாக இருப்பதால் அவளுடைய கருமுட்டையும் கணவரின் விந்தணுவும் சேர்ந்து கரு உருவாக முடியும். அதைத் தாங்கும் இடம்தான் இல்லை. வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம், 2021, இவளைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே வழி விட்டிருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டத்தின்படி, மனைவிக்கு 23 முதல் 50 வயதும் கணவருக்கு 26 முதல் 55 வயதும் இருக்க வேண்டும். சுமக்கிறவள் திருமணமானவளாக, சொந்தக் குழந்தை உள்ளவளாக, 25 வயதிலிருந்து 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே அவள் இதைச் செய்யலாம். மருத்துவச் செலவும் காப்பீடும் போன்றவை தவிர அவளுக்குப் பணம் எதுவும் தரக் கூடாது. தங்கையின் ஓரகத்திக்கு வயது 31. இரண்டு பிள்ளைகள். திருமங்கலத்துக்கு அருகே ஒரே காம்பவுண்டுக்குள் அண்ணன் தம்பி இரு குடும்பங்களும் வசிக்கின்றன.

மருத்துவத் தரப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் எனக்குக் குறை இல்லை. தலைமை மருத்துவர் முதல் சந்திப்பிலேயே வெற்றிக்கு உத்தரவாதம் தர முடியாது என்றார். செலவுப் பட்டியலை இனம் இனமாகப் பிரித்து எழுத்தில் கொடுத்தார்கள். இரண்டு கருக்களை வைத்தால் வாய்ப்பு கூடாதா என்று தங்கையின் கணவர் கேட்டபோது, விதிப்படி ஒரு முறைக்கு ஒரு கருதான் வைக்க வேண்டும், தனிப்பட்ட சூழ்நிலைகளுக்கே விலக்கு என்பதையும், இரட்டைக் கர்ப்பத்தின் சுமை சுமக்கிறவளின் இரத்த அழுத்தத்தில்தான் முதலில் தெரியும் என்பதையும் பொறுமையாக விளக்கினார். ஆண் குழந்தை பற்றி மாமியார் தயங்கித் தயங்கி எடுத்த பேச்சை, "அதை இங்கே பேசவே கூடாதும்மா" என்று ஒரே சொல்லில் நிறுத்தினார். அந்த உறுதியை மதிக்கிறேன்.

குறை தொடங்கியது ஒப்புதல் வாங்கிய பிற்பகலில்தான்.

ஆலோசனை அறை என்று எழுதியிருந்த அந்தச் சிறிய அறையில் தங்கை, அவள் கணவர், ஓரகத்தி, அவள் கணவர், மாமியார், நான் என ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். மையத்தின் ஒருங்கிணைப்பாளர் நல்ல மனிதர். கடுமையாக ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அவர் கேள்விகளை எல்லாம் என் தங்கையின் கணவரைப் பார்த்தே கேட்டார். கடைசியில், "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். ஓரகத்தி முதலில் மாமியாரைப் பார்த்தாள், பிறகு தலையாட்டினாள். அதன் பின் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்புதல் படிவம் அவள் முன் வைக்கப்பட்டது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த பெண் அவள். பேனாவை எடுத்துக்கொண்டு முதல் பெருக்கல் குறியைத் தேடத் தொடங்கியபோது, கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. சிகிச்சையின் அறிந்த பக்கவிளைவுகளையும் பின்விளைவுகளையும் சுமக்கிறவளிடம் விளக்கிச் சொல்லி, அவளுக்குப் புரியும் மொழியில் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெற வேண்டும் என்று சட்டத்தின் ஆறாம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன்பு எந்த நேரத்திலும் அவள் பின்வாங்கலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அந்த அறையில் இருந்த ஆறு பேரில் யாருக்கும் அன்று அது சொல்லப்படவில்லை.

இதைவிடப் பெரிய தவறான புரிதல் ஒன்று எங்கள் குடும்பத்திலும் மையத்தின் ஊழியர்களிடமும் ஒருசேர இருந்தது. வாடகைத்தாய் நெருங்கிய உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லாரும் நம்பியிருந்தோம். 2019-இல் வந்த மசோதாவில் அப்படித்தான் இருந்தது. மாநிலங்களவையின் தெரிவுக் குழு 2020-இல் அதை மாற்றப் பரிந்துரைத்து, விருப்பமுள்ள எந்தப் பெண்ணும் முன்வரலாம் என்றது. நிறைவேறிய சட்டத்தில் இருப்பதும் அதுதான். இது ஏதோ சட்ட நுணுக்கம் என்று தோன்றலாம். உறவுக்காரிதான் வேண்டும், அதுவும் 35 வயதுக்குள், குழந்தை பெற்றவளாக வேண்டும் என்று ஒரு குடும்பம் நம்பிவிட்டால், கணக்குப் பார்த்து மிஞ்சுவது ஒருத்திதான். அவள் மறுத்தால் அந்த வீட்டுக்கு வாரிசே இல்லை என்றாகிவிடுகிறது. இந்தப் பாரத்தை வைத்துவிட்டுச் சம்மதமா என்று கேட்பதற்குப் பொருள் இல்லை.

பணம் கைமாறுவதைத் தடுத்தால் சுரண்டல் நின்றுவிடும் என்பதே இந்தச் சட்டத்தின் அடிப்படை எண்ணம். அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. குஜராத்தின் ஆனந்த் நகரில் ஏழைப் பெண்களை விடுதிகளில் தங்கவைத்து வெளிநாட்டுத் தம்பதிகளுக்குக் குழந்தை பெற்றுக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 2008-இல் ஜப்பானியத் தம்பதி பிரிந்துபோனதால் இங்கே பிறந்த பெண் குழந்தை எந்த நாட்டுக்கும் உரியவளாக இல்லாமல் நின்று, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015-இல் வெளிநாட்டவர்க்கு வாசல் அடைக்கப்பட்டது. ஆனால் குடும்பத்துக்குள் நடந்தால் சுரண்டல் இருக்காது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் வயதை ஆவணத்தில் கூட்டிக் காட்டி, மீண்டும் மீண்டும் கருமுட்டை எடுக்க வைத்ததாகக் கைதானவர்களில் அவளைப் பெற்ற தாயும் இருந்தாள். எங்கள் வீட்டில் அப்படிப்பட்டவர் யாரும் இல்லை. என் தங்கையின் மாமியார் நல்லவர், மருமகள்கள் இருவரையும் ஒரே கண்ணாகப் பார்க்கிறவர். ஆனால் நல்லவர்களின் கண்ணீருக்கு முன் முடியாது என்று சொல்வது, தரகரிடம் முடியாது என்று சொல்வதைவிடக் கடினம்.

அன்று வரவேற்பறையில் காத்திருந்தபோது அந்த அம்மா ஒரு கதை சொன்னார். சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து வந்த பொறியைக் கங்கை தாங்கிச் சரவணப் பொய்கையில் சேர்த்தாள், கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டி வளர்த்தார்கள், பார்வதி வந்து அள்ளி அணைத்துக்கொண்டாள். திருப்பரங்குன்றத்து முருகனுக்கே இத்தனை தாய்மார் என்றால் நமக்கு என்ன குறை என்றார். அன்பினால் சொன்னதுதான். நான் அவரிடம் சொன்னது இது: அந்த ஆறு பெண்களின் பெயரால்தான் அத்தை, அவனுக்குக் கார்த்திகேயன் என்று பெயர். அவர்களை வானத்தில் வைத்து நாள் குறித்து நோன்பு இருக்கிறோம். இங்கே சுமக்கப்போகிறவளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் வராது; முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் உத்தரவுப்படி குழந்தை பிறந்த கணத்திலேயே தங்கைக்கும் அவள் கணவருக்கும் உரியது. சட்டம் அப்படி இருப்பது குழந்தையின் நலனுக்கு அவசியம் என்றே நினைக்கிறேன். ஆனால் காகிதத்தில் அவள் பெயர் இல்லாதபோது, வீட்டில் அவளுக்கு என்ன இடம் என்பதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஏழாம் மாத வளைகாப்பு யாருக்கு? வளையல் யார் கையில் ஏறும்? ஊருக்கு என்ன சொல்வது? இவற்றை எந்த அதிகாரியும் கேட்கமாட்டார். ஆனால் இரண்டு பெண்களும் இரவு தூங்காமல் யோசித்துக்கொண்டிருந்தவை இவைதாம் என்று பிறகு தெரிந்தது.

நான் மையத்துக்குக் கடிதம் எழுதினேன். ஓரகத்தியைத் தனியாக, எங்கள் குடும்பத்தார் யாரும் இல்லாமல், மனநல ஆலோசகர் ஒருவர் சந்திக்க வேண்டும் என்று கேட்டேன். மனநலத் தகுதிச் சான்று எப்படியும் விதிப்படி தேவை; அதை ஒரு பக்கத்தில் கையெழுத்து வாங்கும் சடங்காக முடிக்காமல் உண்மையான உரையாடலாகச் செய்யுங்கள் என்பதே என் கோரிக்கை. மையம் அதை ஏற்றது. வந்த ஆலோசகர் ஒரு பெண்; அவர் சந்திப்பை இரண்டு நாளாகப் பிரித்து நடத்தினார்.

ஓரகத்தி பிறகு பேருந்தில் வரும்போது என்னிடம் சொன்னது: "அக்கா, அந்தம்மா என்னை ஒரு கேள்வி கேட்டாங்க, அதுக்கப்புறம் ரொம்ப நேரம் பேச்சே வரல. இந்தக் குடும்பத்துல நீங்க யாருக்காவது கடன்பட்டிருக்கீங்களான்னு கேட்டாங்க." அவள் கணவர் வாங்கிய டிராக்டர் கடனுக்கு என் தங்கையின் கணவர்தான் ஜாமீன் போட்டிருக்கிறார். அதை யாரும் இந்த விஷயத்தோடு சேர்த்துப் பேசியதில்லை; அதற்கான எண்ணமும் யாருக்கும் இல்லை. ஆனால் அவள் மனத்துக்குள் அது இருந்திருக்கிறது. ஆலோசகர் அதை வெளியே எடுத்த பிறகு, தங்கையின் கணவரே தம்பியை அழைத்து, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். இந்த ஒரு கேள்விக்காகவே அந்த ஆலோசகருக்கு நன்றி சொல்வேன்.

ஓரகத்தி சம்மதம் என்றாள், ஆனால் நிபந்தனைகளோடு. தன் பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது. பெரியம்மா வீட்டுப் பாப்பாவை அம்மா வயிற்றில் வைத்திருக்கிறேன் என்று தானே சொல்வாள். கர்ப்ப காலத்தில் தன் வீட்டில்தான் இருப்பாள். குழந்தை பிறந்ததும் முதலில் தன்னிடம் காட்ட வேண்டும், அதன் பிறகு அக்காவிடம் தரட்டும். இவை மூன்றும் ஆலோசகரின் குறிப்பில் எழுதப்பட்டு, தங்கையும் அவள் கணவரும் அதற்குக் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்கள். சட்டப்படி இதற்கு எவ்வளவு வலு என்பதைவிட, அவள் சொன்னது எழுத்தில் ஏறியது என்பதே பெரிது.

அவள் மறுத்திருந்தால் எங்களிடம் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தலைமை மருத்துவரிடம் கேட்டேன். மருத்துவக் காரணங்களால் இவர் தகுதி பெறவில்லை என்று மட்டும் சொல்வோம், அதற்கு மேல் சொல்லமாட்டோம் என்றார். சிறுநீரக தானத்தில் உறவினரின் வற்புறுத்தலால் வருகிறவர்களுக்கு மருத்துவர்கள் இப்படிப்பட்ட ஒரு மறைப்பைத் தருவது உண்டு. மருத்துவர் குடும்பத்திடம் முழு உண்மையைச் சொல்லாமல் விடுவது சரியா என்று பல நாள் யோசித்தேன். சரிதான் என்று தோன்றுகிறது. அதே காம்பவுண்டில் அதே கிணற்றடியில் அடுத்த முப்பது வருடம் வாழப்போகிறவள் அவள். மறுத்ததன் விலையை நாள்தோறும் அவள் ஒருத்தியே கொடுக்கும்படி விடுவது நியாயம் ஆகாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு தனக்கு இருக்கிறது என்பது முதல் சந்திப்பிலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறைப்பு ஒன்று இருப்பதையே அறியாதவளுக்கு அதனால் பயன் இல்லை. இந்த இடத்தில் மையம் இன்னும் மாறவில்லை.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல்களையும் உள்ளடக்கி 36 மாதங்களுக்குச் சுமக்கிறவளின் பெயரில் காப்பீடு எடுக்க வேண்டும். முதலில் 16 மாதங்களாக இருந்ததைத் தெரிவுக் குழுதான் உயர்த்தச் சொன்னது. மையம் காப்பீட்டு முகவரை அறிமுகப்படுத்தியது நல்லதுதான். ஆனால் அதன் மாதிரிப் பத்திரத்தையும் விதிவிலக்குப் பட்டியலையும் தங்கையின் கணவரிடம் கொடுத்தார்கள். யாருடைய உடலுக்கான காப்பீடோ அவளிடம் ஒரு பிரதி இல்லை. கேட்ட பிறகு கிடைத்தது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2024-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இயல்பாகக் கருத்தரித்தவர்களைவிடவும், தமக்காகவே செயற்கைமுறையில் கருத்தரித்தவர்களைவிடவும் வாடகைத்தாய்களுக்குக் கடுமையான சிக்கல்கள் கூடுதலாக வருவதைக் காட்டியது. ஆகவே இந்தக் காகிதம் ஒப்புக்கு வாங்கி வைக்கும் காகிதம் அன்று.

சட்டத்தின் மீதே எனக்குள்ள மனத்தாங்கல் ஒன்றை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. ஓரகத்தி விடியற்காலையில் பக்கத்துத் தோட்டங்களுக்கு மல்லிகை பறிக்கப் போகிறவள். குனிந்து நிமிர்ந்து செய்யும் வேலை. கர்ப்பத்தின் பிற்பகுதியிலும் பிரசவத்துக்குப் பின்னும் செய்ய முடியாது. கரு வைத்த பிறகு வாரக்கணக்கில் இடுப்பில் போடும் புரோஜெஸ்டிரோன் ஊசி கட்டிப்போய் வலிக்கும் என்று செவிலியரே சொன்னார். மருத்துவருக்குக் கட்டணம் உண்டு, ஆய்வகத்துக்கு உண்டு, வழக்கறிஞருக்கு உண்டு. இந்த முழு ஏற்பாட்டில் கூலி இல்லாமல் உழைக்க வேண்டியவள் சுமக்கிறவள் மட்டுமே. இழந்த வருமானத்தை ஈடுசெய்யும் முறை வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2017-லேயே பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. குழந்தையை விலைபேசக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் இழந்த கூலியைக் கொடுப்பது விலைபேசுவது ஆகாது. வணிகரீதியான வாடகைத்தாய் முறைக்குப் பத்தாண்டு வரை சிறையும் பத்து லட்சம் வரை அபராதமும் இருக்கும்போது, அவள் வீட்டு மளிகைக்குப் பணம் கொடுக்கக்கூட என் தங்கையின் கணவர் பயப்படுகிறார்.

இந்த மையத்துக்குப் போகலாமா என்று கேட்டால், மருத்துவத்துக்காகப் போகலாம் என்பேன். கருப்பை இழந்தவர்களுக்கும் இல்லாமலே பிறந்தவர்களுக்கும் இது உண்மையான வழி. மருத்துவர் ஆசை காட்டுகிறவர் அல்லர். மாவட்ட மருத்துவ வாரியத்துக்கு வேண்டிய ஆவணங்களைப் பிழையில்லாமல் அடுக்கிக் கொடுத்தார்கள். தங்கையின் தகுதிச் சான்று அலைச்சல் இல்லாமல் கிடைத்தது. ஆனால் பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே, சுமக்கிறவளைத் தனியாகச் சந்திக்கும் ஆலோசகர் யார், அவளுக்கென்று வேறு மகப்பேறு மருத்துவர் உண்டா, படிவம் தமிழில் இருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்ட பிறகுதான் இவற்றுள் முதலாவது நடந்தது. இரண்டாவதற்கு, எங்கள் ஊருக்கு அருகிலேயே ஓரகத்தி தானே ஒரு மருத்துவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்ப் படிவத்தின் வரைவு போன வாரம் வந்தது. பக்கவிளைவுகள் நல்ல தமிழில், அவள் வாசித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதப்பட்டிருக்கின்றன. கருக்கலைப்புக்கு யாரும் வற்புறுத்த முடியாது என்ற வரியும் இருக்கிறது. கரு வைக்கும் முன் பின்வாங்கலாம் என்ற வரி மட்டும் விடுபட்டிருந்தது. முதலில் கவனித்தவள் ஓரகத்திதான். அதைச் சேர்த்து அச்சிட்டுத் தரும்வரை கையெழுத்திடப் போவதில்லை என்று மையத்துக்குத் தானே தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள்.